குறைத்துப் போட்ட சாப்பாடு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாராவது வந்து "இது உன் அக்கா கதைதானே?" என்று கேட்டால் திருதிருவென்று விழிக்க வேண்டியிருக்காது. ஆமாம், என் அக்கா கதைதான். அவள் உட்கார்ந்து சொல்லி, நான் கேட்டு எழுதியது என்று நினைத்துவிடாதீர்கள். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது வாயிலிருந்து விழுந்ததைப் பொறுக்கிக்கொண்டேன்.

அன்றைக்கு வேலை முடிந்து வந்தவள் தோள்பையைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றபடியே சாப்பிட ஆரம்பித்தாள். நல்ல பசி போலிருக்கிறது. இரண்டாவது தடவை தட்டை நிரப்பிக்கொண்டே சொன்னாள்: "இன்னைக்கு ஒருத்தருக்கு வேணும்னே சாப்பாட்டைக் குறைச்சுப் போட்டேன்டா. அவ்வளவு பெருமையா இருக்கு."

அக்கா என்ன வேலை பார்க்கிறாள் என்று தெரிந்தால்தான் இதிலுள்ள வேடிக்கை புரியும். அவள் தீவிர சிகிச்சைப் பிரிவில் டயட்டீஷியன். கண் திறக்காமல், சொந்தமாக மூச்சுகூட விட முடியாமல் படுத்திருப்பவர்களுக்கு என்ன சாப்பாடு, எவ்வளவு, எந்த வேகத்தில் என்று கணக்குப் போடுவது அவள் பொறுப்பு. மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் மெல்லிய குழாயில், ஒரு சின்ன பம்ப் அதைச் சொட்டுச் சொட்டாகத் தள்ளும். ஆஸ்பத்திரியில் அவளைச் சாப்பாட்டு மேடம் என்பார்கள். சாப்பாடு போடுவதற்காகவே சம்பளம் வாங்குகிற ஒருத்தி, குறைத்துப் போட்டேன் என்று பெருமைப்படுகிறாள். எழுதுகிறவன் காதில் இது விழுந்தால் சும்மா இருப்பானா?

நான் எழுதுகிறவன். எங்கள் வீட்டில் இதை ஒரு குறையாகக் கருதுவதில்லை. எதுவாகவும் கருதுவதில்லை. அக்கா இதுவரை என் கதை ஒன்றைக்கூட முழுதாகப் படித்தது கிடையாது. "நல்லாத்தான் எழுதியிருப்பே" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவாள். இந்தக் கதையை மட்டும் பக்கம் பக்கமாகப் பிடுங்கிப் படித்தாள். அதனால் வந்த வினையை நீங்கள் ஆங்காங்கே பார்ப்பீர்கள்.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"நள்ளிரவு. நீல வெளிச்சத்தில் இயந்திரங்கள் மட்டும் விழித்திருந்தன. உயிருக்கும் மரணத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய குழாய் —"

"நான் காலையில போய் சாயங்காலம் வர்றவ. நள்ளிரவுல எனக்கு அங்க என்ன வேலை?" என்றாள் அக்கா. "வெளிச்சமும் நீலம் இல்ல. சாதாரண ட்யூப்லைட்டு. அதுலயும் ஒண்ணு மினுக்கு மினுக்குங்குது, மாத்தச் சொல்லிச் சொல்லி வாய் வலிச்சுப் போச்சு."

இரண்டாவது தொடக்கம் கொஞ்சம் கட்டுரைத்தனமாக வந்தது. "கடும் நோயில் கிடக்கும் உடம்பு, சாப்பாடு வராவிட்டால் தன் தசையையே எடுத்துத் தின்ன ஆரம்பிக்கும். தொடை கரையும். நெஞ்சுத் தசை கரையும். பிறகு இயந்திரத்தைக் கழற்றினாலும் மூச்சு விடுவதற்கு வலு இருக்காது. ஆகவே மருந்து பாதி என்றால் —" இந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். மீதியையும் எழுதியிருந்தால் ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டிவிடுவார்கள். ஆனால் விஷயம் உண்மை. மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

மூன்றாவது தொடக்கம் அக்காவே கொடுத்தது. "போர்டுலேர்ந்து ஆரம்பி" என்றாள்.

3

வார்டுக்குள் நுழைந்ததும் கை கழுவும் தொட்டி. அதற்கு நேர் மேலே, கை கழுவுகிறவர்கள் கண்ணில் பட்டே தீர வேண்டும் என்கிற உயரத்தில், ஒரு வெள்ளைப் பலகை. அதில் படுக்கைகளின் எண்கள். ஒவ்வொரு எண்ணுக்கு நேரேயும் ஒரு காந்த வட்டம். அந்த நோயாளிக்கு எவ்வளவு சாப்பாடு போக வேண்டுமோ அவ்வளவும் போய்ச் சேர்ந்திருந்தால் பச்சை, குறைந்திருந்தால் சிவப்பு.

பலகை அக்காவின் யோசனை. அவள் அங்கே வேலைக்குச் சேர்ந்த புதிதில் நிலைமை வேறு மாதிரி இருந்தது. ஸ்கேனுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று பம்ப்பை நிறுத்துவார்கள். ஸ்கேன் தள்ளிப்போகும். பம்ப்பைத் திருப்பிப் போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. உடம்பு துடைக்க நிறுத்துவார்கள், புரட்டிப் படுக்க வைக்க நிறுத்துவார்கள். அவர் போட்டிருப்பார் என்று இவர், இவர் போட்டிருப்பார் என்று அவர். படுத்திருக்கிறவர் பசிக்கிறது என்று சொல்லவா போகிறார்? எல்லாரும் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளும் ஒரு வார்டில், ஆட்கள் சத்தமில்லாமல் பட்டினி கிடந்தார்கள்.

அக்கா சண்டை போட்டாள். நர்ஸுகளோடு போட்டாள், டாக்டர்களோடு போட்டாள், ஸ்கேன் அறைக்காரரோடு தனியாக ஒரு சண்டை. கடைசியில் பலகையை மாட்டினாள். முதலில் பலகை முழுக்கச் சிவப்பாக இருந்தது. பார்த்தவர்களுக்கு வெட்கமாகிவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகப் பச்சை ஏறியது. பிறகு பச்சையே வழக்கமாகிவிட்டது. வேறு ஆஸ்பத்திரிகளிலிருந்து ஆட்கள் வந்து அந்தப் பலகையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அக்கா அதைப் படம் எடுத்து வீட்டு வாட்ஸப் குழுவில் போட்டாள். அம்மா ஒரு கட்டைவிரல் அனுப்பினாள். சித்தப்பா, "கேரம் போர்டு புதுசா?" என்று கேட்டார்.

(இந்த இடத்தில் "அக்கா பெருமைக்காரி" என்று எழுதி, கோபித்துக்கொள்வாளோ என்று அடித்தும் வைத்திருந்தேன். "ஏன்டா அடிச்சே? நான் பாடுபட்டுக் கொண்டுவந்தது. பெருமைதான். அப்படியே இருக்கட்டும்" என்றாள். அக்கா பெருமைக்காரி.)

4

இனிக் கதை.

ஏழாம் படுக்கைக்கு ஒரு வெல்டரைக் கொண்டுவந்தார்கள். நுரையீரலில் கடுமையான தொற்று. வந்த கொஞ்ச நேரத்தில் மயக்க மருந்து கொடுத்து, தொண்டையில் குழாய் போட்டு, மூச்சு இயந்திரத்தில் சேர்த்தார்கள். ரத்த அழுத்தம் விழுந்துகொண்டே போனதால் பாட்டில் பாட்டிலாக நீர் ஏற்றினார்கள். மறுநாள் அக்கா பார்க்கும்போது முகமும் கையும் உப்பி, ஆள் நல்ல வாட்டசாட்டமாகத் தெரிந்தார். அழுத்தம் ஒரு நிலைக்கு வந்துவிட்டது, சாப்பாட்டை ஆரம்பிக்கலாம் என்றார் பெரிய டாக்டர். வார்டு வழக்கப்படி மதியம் மெதுவாக ஆரம்பித்து, சாயங்காலத்திலிருந்து கூட்டிக்கொண்டே போனால், விடிவதற்குள் முழு வேகம் வந்துவிடும். காலையில் பச்சை வட்டம்.

ஆரம்பிப்பதற்கு முன்னால் வீட்டு ஆட்களிடம் அக்கா ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்பாள். ஆஸ்பத்திரிக்கு வரும் முன் அவர் எப்படிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்?

வெளியே பெஞ்சில் வெல்டரின் மனைவி உட்கார்ந்திருந்தார். தொழிற்பேட்டை வாசலில் கேன்டீன் நடத்துகிறவர். ஷிஃப்ட் விடும் நேரத்தில் அங்கே நிற்க இடம் கிடைக்காது. எண்ணெய்க் கையோடு வருகிற ஆட்கள் அவரை அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள், அவரைவிட வயதில் மூத்தவர்கள்கூட.

"சாப்பாட்டுக்கு என்னம்மா குறை?" என்றார் கேன்டீன்காரம்மாள். "என் கையால சாப்பிடறவர்."

"இந்த ஒரு மாசமாவும் நல்லாத்தான் சாப்பிட்டாரா?"

"எப்பவும்தான்."

"எடை ஏதாவது குறைஞ்ச மாதிரி?"

"உள்ள போய்ப் பாருங்க. குறைஞ்ச ஆளு மாதிரியா இருக்கு?" பிறகு அவர் குரலை இறக்கினார். "அந்தப் பையில பழுப்பா தொங்குதே, அதுதான் சாப்பாடா? அதையா அவருக்கு ஊத்தப் போறீங்க?"

அக்கா அதற்கு எப்போதும் சொல்கிற பதிலைச் சொல்லிவிட்டு உள்ளே போனாள். மதியம் பம்ப் ஓட ஆரம்பித்தது.

(முதலில் எழுதியதில் பம்ப் "டிக் டிக்" என்று சத்தம் போட்டது. அது சத்தம் போடாதாம். ஏதாவது கோளாறு என்றால்தான் கத்துமாம். எடுத்துவிட்டேன்.)

5

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. கேன்டீன்காரம்மாள் சொன்னது பொய் என்று நீங்கள் இதற்குள் ஊகித்திருப்பீர்கள். ஊகிக்கட்டும் என்றுதான் எழுதினேன். ஆனால் புருஷன் உயிருக்குப் போராடும்போது ஒரு பெண் பொய் சொல்வாரா? அதுவும் இவ்வளவு சாதாரண விஷயத்தில்? இரண்டு நாள் அந்தப் பாத்திரத்தை நம்ப முடியாமல் எழுதாமல் கிடந்தேன். இந்த வெல்டருக்கு ஒரு கனவு கொடுத்து, அதில் உண்மையைச் சொல்ல வைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். "மயக்க மருந்துல இருக்கறவர் கனவு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டு அக்கா அந்தப் பக்கத்தை மடித்து, சன்னல் ஆடாமல் இருக்க அதன் இடுக்கில் சொருகி வைத்துவிட்டாள்.

அவள் சொன்னாள்: "உன்கிட்ட வந்து ஒருத்தர், கடைசியா எப்போ நல்லா ஒரு கதை எழுதினீங்கன்னு கேட்டா என்ன சொல்லுவே?"

"இப்பத்தான், போன வாரம்னு சொல்லுவேன்."

"எழுதினியா?"

நான் அடுத்த பத்திக்குப் போய்விட்டேன். கேன்டீன்காரம்மாள் இப்போது எனக்கு நன்றாகப் புரிந்துவிட்டார்.

அந்தப் பொய் ஏன் சாதாரண விஷயம் இல்லை என்பதை ஒரு குறிப்பாகப் போடுகிறேன்.*

* பல நாள் சரியாகச் சாப்பிடாத உடம்பு, அடுப்பைத் தணித்து வைத்துக்கொண்டு இருப்பதை வைத்து ஓட்டப் பழகியிருக்கும். அதற்குள் திடீரென்று முழுச் சாப்பாட்டை இறக்கினால், அதைச் செரிக்கிற அவசரத்தில் ரத்தத்திலிருக்கும் பாஸ்பரஸ், பொட்டாசியம் மாதிரியான உப்புகளை உடம்பு உள்ளே இழுத்துக்கொண்டுவிடும். ரத்தத்தில் அவை வற்றினால் இதயம் தடுமாறும். நின்றும் போகும். இதில் பெரிய மோசடி என்னவென்றால், சாப்பாடு உள்ளே போகும் வரை ரத்தப் பரிசோதனையில் எல்லாம் சரியாகவே தெரியும். (இந்தக் குறிப்பை அக்கா மூன்று முறை திருத்தினாள். "மோசடி" மட்டும் என்னுடையது.)

ஆக, அன்று சாயங்காலம் பம்ப்பின் வேகத்தைக் கூட்டுவதா, வேண்டாமா? ஏழாம் படுக்கைக்காரர் விடியும்வரை தாங்குவதும் தாங்காததும் அதில் இருந்தது. அது அப்போது யாருக்கும் தெரியாது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவருக்குப் பாதி தெரியும்.

6

வேகத்தைக் கூட்டும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. அக்கா வீட்டுக்குக் கிளம்பப் பையை எடுத்துவிட்டாள். வாசலருகில் நர்ஸ், வெல்டரின் உடைமைகளை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கேன்டீன்காரம்மாளிடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். சட்டை, கைக்கடிகாரம், செருப்பு. கவரில் அடங்காமல் பெல்ட் வெளியே தொங்கியது.

அக்கா அந்தப் பெல்ட்டைப் பார்த்தாள். கடைக்காரர் போட்ட ஓட்டைகள் வரிசையாக, வட்டமாக இருந்தன. அவற்றைத் தாண்டி உள்பக்கமாக இன்னும் இரண்டு. அவை கோணலாக இருந்தன. ஓரம் கருகியிருந்தது. பட்டறையில் கம்பியைப் பழுக்கக் காய்ச்சித் தானே குத்திக்கொண்டது.

அக்கா பையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்ப உள்ளே போனாள். வெல்டரின் உப்பிய கையைப் பார்க்கவில்லை. நீர் ஏறினாலும் ஏமாற்றாத இடங்களைப் பார்த்தாள். நெற்றிப்பொட்டு குழி விழுந்திருந்தது. தோள்பட்டையில் விரலை வைத்தால் நேரே எலும்பு. இதை மதியமே பார்த்திருக்கலாம்தான். "என் கையால சாப்பிடறவர்" என்று ஒரு சமையல்காரர் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னதும் அக்கா அப்படியே நம்பிவிட்டாள். தன் வேலையில் பெருமை உள்ளவர்கள் சொல்வதை அவள் சட்டென்று நம்பிவிடுவாள். அவளும் அந்த ஜாதிதானே.

நர்ஸிடம், "ஏழுக்கு நான் சொல்ற வரைக்கும் வேகத்தைத் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். மறுபடி அதே கேள்வியைக் கேட்டால் மறுபடி அதே பதில்தான் வரும் என்று அவளுக்குத் தெரியும். அதனால் வேறு கேள்வி கேட்டாள்.

"ஏம்மா, உங்க கேன்டீன்ல ருசி பார்க்காம எதையாவது வெளிய அனுப்புவீங்களா?"

கேன்டீன்காரம்மாள் நிமிர்ந்து பார்த்தார். "அனுப்பினா அன்னைக்கே கடையை இழுத்து மூடிட வேண்டியதுதான்."

"அப்போ வாங்க."

சாப்பாட்டுப் பைகள் அடுக்கி வைத்திருக்கும் சின்ன அறைக்கு அழைத்துப் போனாள். புதுப் பை ஒன்றைப் பிரித்து, ஒரு கோப்பையில் கொஞ்சம் ஊற்றி, கரண்டியோடு நீட்டினாள். அந்த அம்மாள் முதலில் மோந்து பார்த்தார். பிறகு நாக்கில் வைத்து, கண்ணை மூடி, வாய்க்குள்ளேயே உருட்டினார். துக்கமெல்லாம் ஒரு நிமிஷம் விலகி, தொழில் முகம் வந்துவிட்டது.

"உப்பு இல்ல."

"ம்."

"இனிப்பும் இல்ல, ஆனா இருக்கற மாதிரி ஒரு பாசாங்கு. நனைஞ்ச அட்டைப்பெட்டி வாசனை வருது."

"எல்லா கம்பெனி சரக்கையும் நான் ருசி பார்த்திருக்கேன்மா. இருக்கறதுலயே இதுதான் தேவலை."

"இதுதான் தேவலையா?" அந்த அம்மாள் அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார். "மத்தது எப்படி இருக்கும்னு நினைச்சுப் பார்க்கவே பயமா இருக்கு." கரண்டியை வைத்துவிட்டு, "அவருக்கு இதை எவ்வளவு போடப் போறீங்க?" என்று கேட்டார்.

"அதைத்தான் உங்ககிட்ட கேக்கணும். உங்க கடைக்கு ரொம்ப நாள் பட்டினி கிடந்த ஒருத்தர் வந்து உட்கார்ந்தா, முதல்ல என்ன போடுவீங்க?"

"முழுத் தட்டு போட மாட்டேன். வயித்தைப் புரட்டி எடுத்துடும். தண்ணியா, வெதுவெதுன்னு, ரெண்டு வாய். கொஞ்ச நேரம் பேச்சுக் குடுத்து உட்கார வெச்சு, அப்புறம் இன்னும் ரெண்டு —"

பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. கோப்பையைப் பார்த்தபடி இருந்தார். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. அவசரம் தலைக்கு மேல் இருந்தது, இருந்தாலும் கேட்கவில்லை.

"அவர் சாப்பிடலைம்மா."

"எவ்வளவு நாளா?"

"மூணு வாரத்துக்கு மேல இருக்கும். காய்ச்சல் விட்டு விட்டு வந்துச்சு. எதைப் போட்டாலும் மண்ணு மாதிரி இருக்குன்னார். என் சமையலைப் போய் மண்ணுங்கறாரேன்னு எனக்குக் கோவம். முகம் குடுத்துப் பேசறதையே விட்டுட்டேன். வீம்புக்கு டப்பா கட்டிக் குடுப்பேன், அப்படியே திரும்பி வரும். அப்புறம் காலியா வர ஆரம்பிச்சுது. கூட வேலை செய்யறவங்களுக்குக் குடுத்துடறார்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கேக்கல. டீயும், அதுல முக்கின பிஸ்கட்டும்தான் ஓடிட்டிருந்துச்சு." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஊருக்கே சாப்பாடு போடறவ, கட்டினவரைப் பட்டினி போட்டுட்டான்னு பேச மாட்டாங்களா?"

"நீங்க போட்டீங்க. அவரால முடியல. ரெண்டும் வேற. எனக்கும் டாக்டருக்கும் தெரிஞ்சா போதும்." அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப சொன்னீங்க பாருங்க, இதை விடப் பெரிய மருந்து உள்ள ஒண்ணும் இல்ல."

(யாருக்கும் தெரியாது என்று சொல்லிவிட்டு இப்போது அச்சிலேயே போடுகிறாயே என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. அக்கா அந்த அம்மாளிடம் அனுமதி கேட்டாள். "எழுதிக்கட்டும். ஆனா என் சமையல் நல்லா இருக்கும்னு சேர்த்து எழுதச் சொல்லுங்க" என்றாராம். நானே போய்ச் சாப்பிட்டுப் பார்த்தேன். எழுதுகிறேன்: அவர் சமையல் பிரமாதம்.)

7

பெரிய டாக்டர் கை கழுவிக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் போய் நின்று விஷயத்தைச் சொன்னாள். வேகத்தைக் கூட்டக் கூடாது. இப்போது ஓடுவதில் பாதிக்குக் குறைக்க வேண்டும். அதற்கு முன்னால் பி ஒன் வைட்டமின் ஊசி போட வேண்டும். ரத்தத்தை அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டும்.

டாக்டர் குழாயை மூடினார். "குறைச்சா தசை கரையும்னு என்கிட்ட வருஷக்கணக்கா மல்லுக்கு நின்னது யாரு?"

"நான்தான் டாக்டர்."

"காலையில எடுத்த ரத்தம் நல்லாத்தானே இருக்கு?"

"சாப்பாடு உள்ள போற வரைக்கும் நல்லாத்தான் இருக்கும். மூணு வாரமா வெறும் டீயில ஓடியிருக்கார். இதை நான் அனுமானத்துல சொல்லல. வீட்டுலேர்ந்து கேட்டு வந்து சொல்றேன்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். நல்ல மனிதர், யோசிக்கிற மனிதர். (வில்லன் இல்லாமல் கதை உப்புச்சப்பில்லாமல் போய்விடுமே என்று இவரைக் கொஞ்சம் கெட்டவராக்கிப் பார்த்தேன். அக்கா, "அவர் மூஞ்சில நான் எப்படி முழிக்கறது?" என்றாள்.) உண்மையில் முடிவு எடுப்பது லேசாக இல்லை. ஏற்கெனவே இளைத்த உடம்பு. குறைத்தால் இன்னும் இளைக்கும், மூச்சுக்கு வலு இருக்காது. கூட்டினால் இதயம் நிற்கலாம். இரண்டு பக்கமும் பள்ளம்.

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டார்.

"அவர் ரத்தம் சொல்ற வரைக்கும்."

"சரி. குறைங்க." போகப் போனவர் பலகையைக் காட்டினார். "இதுக்கு என்ன பண்ணப் போறீங்க?"

அக்கா சிவப்பு வட்டத்தைத் தேடினாள். ரொம்ப நாளாக யாருக்கும் தேவைப்படாததால் எங்கே வைத்தோம் என்றே மறந்துவிட்டது. கடைசியில் மேசை இழுப்பறையில், காய்ந்துபோன பேனாக்களுக்கும் ரப்பர் பேண்டுகளுக்கும் அடியில் கிடைத்தது. தூசியைத் துடைத்து, பச்சைகளுக்கு நடுவில், ஏழுக்கு நேரே, தன் கையால் வைத்தாள். இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தாள். பலகையில் அவ்வளவு நாள் இருந்த பச்சைகளில் எதுவும் அவளுக்கு அந்த அளவு திருப்தி தரவில்லையாம். பிறகுதான் கிளம்பி வீட்டுக்கு வந்தாள்.

8

மறுநாள் காலை ரத்த முடிவு வந்தது. வேகத்தைப் பாதியாகக் குறைத்திருந்தும் பாஸ்பரஸ் சரிந்திருந்தது. டாக்டர் அந்தக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இதுவே முழு வேகத்துல போயிருந்தா" என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை. நான் விட்ட வாக்கியம் என்று நினைக்காதீர்கள், அவரே விட்டதுதான். சரிந்ததை ஊசி வழியாக ஈடுகட்டினார்கள். இதயத் துடிப்பின் கோடு தடுமாறாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அன்று மற்ற டாக்டர்கள் கை கழுவ வந்தபோது, சின்ன டாக்டர் ஒருவர் பலகையைப் பார்த்துத் திடுக்கிட்டு, "ஏழுல ஏதோ தப்பு போலிருக்கே" என்று வட்டத்தை மாற்றக் கை நீட்டினார். பெரிய டாக்டர், "அதைத் தொடாதீங்க. அது அவங்க வெச்சது" என்றார்.

அக்கா இதை எனக்குச் சொல்லும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். எழுத்தில் நான் அவளை இந்த இடத்தில் அழ வைத்திருந்தேன். "நான் அழல" என்றாள். சரி, அழவில்லை.

9

முடிவுக்கு மூன்று வழிகள் வைத்திருந்தேன்.

அ. வெல்டர் கண் விழிக்கிறார். குழாய்களை எடுக்கிறார்கள். கேன்டீன்காரம்மாள் தன் கையால் செய்ததை ஒரு வாய் ஊட்டுகிறார். "மண்ணு மாதிரி இருக்கா?" என்று கேட்கிறார். அவர் தலையை ஆட்டுகிறார், இல்லையென்று. அக்கா கதவோரம் நின்று —

ஆ. வெல்டர் பிழைக்கவில்லை. தொற்று வென்றுவிட்டது. ஆனால் கேன்டீன்காரம்மாள் அக்காவின் கையைப் பிடித்து, பட்டினியோடு அவரை அனுப்பலை என்று —

இ. இன்னும் எழுதவில்லை.

அக்கா இரண்டையும் படித்தாள். தட்டில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.

"எது நடந்துச்சுன்னு உனக்குத் தெரியுமில்ல?" என்றாள்.

"தெரியும்க்கா. நீதான் சொன்னியே."

"அதை எழுதாதே."

"ஏன்? வாசகருக்குத் தெரிய வேண்டாமா?"

"முதல் முடிவை எழுதினா, அவர் பிழைச்சதாலதான் நான் செஞ்சது சரின்னு ஆயிடும். ரெண்டாவதை எழுதினா, பாவம், இவ்வளவு பண்ணியும் வீணாப் போச்சேன்னு உச்சுக் கொட்டுவாங்க. ரெண்டும் இல்லடா. அவர் என்ன ஆனாலும் அன்னைக்கு அது சரி."

அவளே பக்கங்களைப் புரட்டி, ஒரு இடத்தில் விரலை வைத்தாள்.

"இதையும் தப்பா எழுதியிருக்கே பாரு. ரத்த ரிப்போர்ட் வந்ததுக்கு அப்புறம் நான் வீட்டுக்கு வந்து ரெண்டு தட்டு சாப்பிட்டேன்னு எழுதியிருக்கே."

"அப்பத்தானே சாப்பிட்டே? பெருமையா இருக்குன்னு சொன்னியே?"

"அது முந்தின நாள். வட்டத்தை வெச்சுட்டு நேரா வந்தேன். ரிப்போர்ட் எங்க வந்துச்சு அப்போ?"

யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னதுதான் சரி. நான்தான் கதைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று அந்தச் சாப்பாட்டை ஒரு நாள் தள்ளி வைத்திருந்தேன். முடிவு தெரிந்த பிறகு வருகிற பெருமை எனக்குப் பழக்கம். கதை அச்சில் வந்தால்தான் எனக்கு வரும். அவள் அன்றைக்கு ஒன்றும் தெரியாமல், அந்த ஆள் விடியும்வரை இருப்பாரா என்றுகூடத் தெரியாமல், சமையலறையில் தோள்பையோடு நின்று, வயிறாரச் சாப்பிட்டு, பெருமையாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாள். அப்படி ஒரு பெருமை எனக்கு வாழ்க்கையில் ஒரு தடவையாவது வாய்க்குமா என்று தெரியவில்லை. முதல் பகுதியைத் திருத்தி எழுதினேன். நீங்கள் படித்தது திருத்தியதைத்தான்.

என் அக்கா. வேறென்ன சொல்ல.

10

ஆகவே "இ" உங்களுக்கு. எனக்குத் தெரிந்ததை நான் சொல்லப் போவதில்லை. தொலைபேசியில் கேட்டாலும் சொல்ல மாட்டேன். அக்கா ஒன்றே ஒன்றுக்கு மட்டும் அனுமதி கொடுத்தாள். அடுத்து வந்த நாட்களில் கேன்டீன்காரம்மாள் தினமும் பார்வையாளர் நேரத்தில் வந்து, எப்படி இருக்கிறார் என்று கேட்பதற்கு முன்னால், "இன்னைக்கு எவ்வளவு?" என்றுதான் கேட்பார். ஒரு நாள் அக்கா பம்ப்பில் ஒரு படி கூட்டியபோது அவர் பக்கத்தில் நின்றார். பட்டனை அவர் விரலால் அழுத்த வைத்தாள் என்று நான் எழுதியிருந்தேன். "நான்தான் அழுத்தினேன். அந்தம்மா கூட நின்னாங்க. அது போதும்" என்று அக்கா அடித்துவிட்டாள்.

"முடிவை வாசகருக்கு விட்டுட்டேன்க்கா" என்றேன்.

"பசியோடயா அனுப்பறே?"

"ஒரேயடியாப் போடக் கூடாதுன்னு நீதானே சொன்னே."

அவள் என் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டாள்.

ஒரு வாக்கியத்தை ஆரம்பித்துத் தருகிறேன். நீங்கள் முடித்துக்கொள்ளுங்கள். அவசரம் வேண்டாம், ஆனால் முடிவு எப்படி வந்தாலும் அவளுடைய அந்தச் சாயங்காலத்தில் கை வைத்துவிடாதீர்கள்.

பார்வையாளர் நேரம். கேன்டீன்காரம்மாள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது அக்கா தொட்டியருகில் நின்று, பலகையில் ஏழாம் எண்ணுக்கு நேரே கையை உயர்த்தியிருந்தாள். அந்தக் கையில் இருந்த வட்டம்